அன்ரனிட்டா பூட்டின கிண்ணம்

நெடுந்தீவு மேற்கு,
14.08.2024, புதன்.

அன்பின் மருமகன் துஷ்யந்தனுக்கு,

அம்மா சுகம். இதை முதல் வரியிலேயே எழுதிப்போட்டன், இனி நீர் நெஞ்சிடி இல்லாமல் மிச்சத்தை வாசிக்கலாம். காலமை இடியப்பம் மூன்று சாப்பிட்டவ. நாலாவதை நான் வைக்கப் போக, "அண்ணை, டொக்டர் நெஞ்சுக்கைதான் கம்பி வச்சவர், வயித்தைப் பெருப்பிக்கச் சொல்லேல்லை" என்று ஏசினவ. ஏசுற அளவுக்குத் தெம்பு வந்திட்டுது. உம்மட மனுசிக்கும் பிள்ளையளுக்கும் ஒரு நோய் நொடி வராமல் நயினை அம்மாளைக் கும்பிடுறன்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று யோசிப்பீர். நான் அனுப்பின வொயிஸ் ஒன்றையும் நீர் கேட்கேல்லை என்று பக்கத்து வீட்டுப் பிரியவதனி என்ர போனைப் பார்த்துச் சொன்னவள். மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிசம். "மாமா, இதைக் கேக்கிறதெண்டால் அவர் வேலைக்கு லீவு போடோணும்" என்று சிரிக்கிறாள். அதுதான் எழுதுறன். பக்கம் பக்கமாய் அவள் படம் பிடித்து அனுப்புவாள். வாசிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறன், ஆனால் வாசிப்பாள். இன்னொரு காரணமும் இருக்கு. வாயால் சொன்னால் என்ர கதை தானாய் வளர்ந்துகொண்டு போகுது. பேனையால் எழுதினால் கை உளையுது, பொய் சொல்ல அலுப்பாய் இருக்கு. எட்டாம் வகுப்போடு விட்டவன் நான், எழுத்துப் பிழையைப் பாராட்டாதேயும்.

விசயம் இதுதான். வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு நோயாளர் போட் சங்கத்தின் கூட்டம். அன்ரனிட்டாவிடம் இருந்து எஞ்சின் வேலையைப் பறித்து, துறையடியில் அவளுக்குக் குடுத்த கொட்டிலையும் பூட்டச் சொல்லப் போகினம். தலைவி சீதேவி ரீச்சர் கையெழுத்து வைத்தால் முடிஞ்சுது. நீர்தானாம் சுவிசில் இருந்து போன் எடுத்துச் சொன்னது, அந்தப் பொம்பிளையின் கவலையீனத்தால் அம்மா நடுக்கடலில் கிடந்தவ, இனி அவள் அந்த எஞ்சினில் கை வைக்கக் கூடாது என்று. உம்மட அப்பாவின் நினைவாய் அந்த போட்டை வாங்கித் தந்தவர் நீர். உம்மட சொல்லுக்கு மறுசொல் இங்கே ஆர் சொல்லுவினம்?

நீர் அப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்கு நல்ல சந்தோசம். ஓம், எழுதிப்போட்டன், வெட்டேல்லை. இரண்டு நாள் துறையடியில் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சன். தேத்தண்ணிக் கடையில் எனக்கு முதல் பிளேன்ரீ வந்தது. அவள் வந்த நாளில் இருந்து அது அவளுக்குத்தான் முதல் போகும், எனக்கு இரண்டாவது.

என்னைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, என்றாலும் சொல்லுறன். ஊர்காவற்றுறையில் இருந்து நயினாதீவு வரைக்கும் எஞ்சின் அரியம் என்றால் தெரியாத மீன்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே எங்கே நோய் என்று சொல்லுவன். ஒருக்கா எஞ்சின் கொம்பனியில் இருந்து யப்பான்காரன் ஒருவன் வந்து என்ர வேலையைப் பார்த்துக் கண்ணீர் விட்டவன் என்று உமக்குச் சின்ன வயசில் சொல்லியிருப்பன். கண்ணீர் இல்லை, வியர்வை. சித்திரை மாத வெயில். அவன் யப்பான்காரனும் இல்லை, எஞ்சின் விற்கக் கொழும்பில் இருந்து வந்தவன். ஆனால் கை குலுக்கினது உண்மை.

அன்ரனிட்டா அல்லைப்பிட்டிக்காரி. புருசன் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், அவரோடு வந்தவள். முப்பத்தொரு வயசு. யாழ்ப்பாணத்தில் படித்து எஞ்சின் திருத்தச் சான்றிதழ் வைத்திருக்கிறாள், அதைக் கண்ணாடி போட்டுக் கொட்டிலில் கொழுவியிருக்கிறாள். நட்டுக் கழட்டுற சாவி எல்லாம் பலகையில் வரிசையாய்த் தொங்கும், எந்தச் சாவி எங்கே என்று கோடு கீறி வைத்திருக்கிறாள். என்ர சாவியள் உரப்பையில். உரப்பைக்குள் கையை விட்டால் வேண்டின சாவி வராமல் விடாது, இரண்டாம் மூன்றாம் முறை என்றாலும் வரும். போட் ஓட்டி சசிகரன் அவளைத் தங்கச்சி என்பான், மீன் விற்கிற அல்போன்சம்மா பிள்ளை என்பா. அவள் என்னை ஐயா என்பாள். ஊர் முழுக்க என்னை அண்ணை என்று கூப்பிட, இவளுக்கு நான் ஐயா.

பங்குனி மாசம் போட் எஞ்சினுக்கு ஒரு நோய் வந்தது. மெதுவாய் ஓட்டினால் தங்கம் மாதிரி ஓடும். வேகம் கூட்டினால் ஐந்து நிமிசத்தில் இருமி இருமி நிற்கும். நான் பிளக் என்றன், மாற்றினன். காபரேற்றர் என்றன், கழுவினன். பிறகு எண்ணெய் இழுக்கிற பம்பைக் கழட்டி, உள்ளே துடிக்கிற அந்த மெல்லிய றப்பர்த் தட்டையும் புதிசாய்ப் போட்டன். பிறகும் அதே இருமல். எஞ்சினுக்குச் செய்வினை என்றும் ஒருக்கால் சொன்னனான்.

அவள் வந்தாள். எஞ்சின் மூடியைத் திறக்கவேயில்லை. எண்ணெய்த் தாங்கியில் இருந்து எஞ்சினுக்குப் போற ரியூப்பின் நடுவே, முதல் எண்ணெய் ஏற்ற அமத்துற றப்பர்க் குமிழ் ஒன்று இருக்குமெல்லோ, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். சசிகரனை வேகமாய் ஓட்டச் சொன்னாள். எஞ்சின் இருமத் தொடங்க அந்தக் குமிழ் காய்ஞ்ச மிளகாய் மாதிரிச் சப்பளிஞ்சு போச்சு. அவள் சொன்னாள், "ஐயா, உங்கட பம்பு நல்லா இழுக்குது. இழுக்கிறதுக்குத்தான் எண்ணெய் வரேல்லை. அடைப்பு எஞ்சினுக்கை இல்லை, தாங்கிப் பக்கம். குமிழ் சப்பளியாமல் நிண்டு, அமத்தேக்கை எஞ்சினுக்கு உயிர் வந்தால்தான் பம்பில பிழை" என்று. தாங்கிக்குள் இருந்த குழாயை இழுத்து எடுத்தாள். நுனி வலையில் வெள்ளை வெள்ளையாய் நூல் சுத்திக் கிடந்தது.

பரலில் இருந்து பெற்றோல் வார்க்கேக்கை நான்தான் துணியால் வடிக்கிறனான். தீவில் எல்லாரும் அப்படித்தான். துணி என்ர பழைய வேட்டி. நைஞ்சு நூல் விட்டிருந்ததை நான் கவனிக்கேல்லை.

துறையடியில் அண்டைக்கு ஐம்பது சனம். (பதினைந்து பேர் இருக்கும்.) சசிகரன் சொன்னான், "அண்ணை, உங்கட வேட்டி அக்கரைக் குறிகட்டுவான் போய் வந்திருக்கு, நீங்கள்தான் கரையில நிண்டிட்டியள்" என்று. அல்போன்சம்மா மீன் வெட்டினதை நிற்பாட்டிப் போட்டு, "அரியம், மிச்சம் இடுப்பில கிடக்கோ எண்டு ஒருக்காத் தடவிப் பாரும்" என்றா. எல்லாரும் சிரிச்சினம். அவள் சிரிக்கேல்லை. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. சிரிச்சிருந்தால் நாலு வார்த்தை பேசியிருப்பன்.

அடுத்த கிழமை அவள் ரியூப்பின் வழியில் ஒரு பில்ரர் பூட்டினாள். அதின் அடியில் கண்ணாடி போலக் கிண்ணம். பெற்றோலில் தண்ணி கலந்தால் தண்ணி கீழே இறங்கிக் கிண்ணத்தில் நிற்கும், பெற்றோல் மட்டும் எஞ்சினுக்குப் போகும். ஒவ்வொரு காலமையும் பார்த்து, தண்ணி தெரிஞ்சால் அடித் திருகைத் திறந்து விட வேணும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் சசிகரன் அதைக் கோயில் மூலஸ்தானம் காட்டுற மாதிரி வாற போறவைக்கு எல்லாம் காட்டினான். "அண்ணை, வந்து பாருங்கோ, தண்ணி தனியா, எண்ணெய் தனியா" என்று எனக்கும் காட்டினான். நாற்பது வருசம் எஞ்சினோடு கிடந்த எனக்கு! சங்கமும் எஞ்சினை அவளுக்குக் குடுத்தது. எனக்கு ஆலோசகர் என்று ஒரு பேர் வைச்சினம். ஆலோசனை கேட்க ஒருத்தரும் வரேல்லை.

உமக்கு இது விளங்குமோ தெரியாது. சாப்பாட்டில் இருந்தால் சோற்றுக்குள் அந்தக் கிண்ணம் தெரியும். துறையடிக்குப் போனால் கண் முதல் அங்கேதான் போகும். அது ஒரு நாளைக்கு உடையாதோ, ஒழுகாதோ என்று பார்ப்பன். ஒழுகேல்லை. நல்லாய்ப் பூட்டியிருந்தாள்.

இனி அம்மா கடலில் கிடந்த கதை. நீர் கேட்டதில் பாதி பிழை, அதனால் முழுக்க எழுதுறன்.

முதலாம் ஆடி வெள்ளி காலமை ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சைப் பிடித்தது. இங்கத்தை ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே யாழ்ப்பாணம் ஏற்றச் சொல்லிச்சினம். குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நிற்கும் என்றும் சொல்லிச்சினம். அம்மாவைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு மாவிலித்துறைக்கு வந்தம். போட்டில் சசிகரன், நான், நேர்ஸ் நிலக்சனா, பாயில் அம்மா. சோளகக் காற்று, கடல் எழும்பிக் கிடந்தது. பாதிக் கடலில் எஞ்சின் இரண்டு முறை இருமிச்சுது, நிண்டிட்டுது. போட் குறுக்கே திரும்பித் தண்ணி உள்ளே அடிக்குது. நேர்ஸ் அம்மாவின்ர கையைப் பிடிச்சு நாடி எண்ணினவள், திரும்பவும் எண்ணினவள். நேர்ஸ்மார் இரண்டு முறை எண்ணினால் பயம்.

சசிகரன் அன்ரனிட்டாவுக்குப் போன் எடுத்துச் சத்தமாய்ப் போட்டான். அவளின் முதல் கேள்வி, "சசி அண்ணை, கிண்ணத்தில தண்ணி எவ்வளவு நிக்குது?"

அவன் குனிஞ்சு பார்த்தான். "கிண்ணம் இல்லைத் தங்கச்சி. பில்ரரே இல்லை. ரியூப்பை நேர கொழுவிக் கிடக்கு" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்ப நான் சொன்னன், "அவள்தான் நேற்றுக் கழுவ எண்டு கழட்டினவள், நான் கண்டனான், திரும்பப் பூட்ட மறந்திட்டாள் போல" என்று.

போன் சத்தமாய்க் கிடந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் சொன்னாள், "சரி, அது பிறகு. இப்ப தாங்கியை ஒரு பக்கமாச் சரிச்சு முட்டுக் குடுங்கோ. தண்ணி ஒரு மூலைக்குப் போகட்டும், குழாய் நுனி அதுக்கு எட்டாமல் பாருங்கோ. காபரேற்றருக்கு அடியில இருக்கிற திருகைத் திறந்து விடுங்கோ" என்று. தண்ணி வந்தது, மண்ணிறமாய். திருகைப் பூட்டி இழுக்க எஞ்சின் பிடிச்சுது, பிறகும் நிண்டுது. "குமிழை அமத்துங்கோ. அமத்தினால் ஓடுதோ?" என்று கேட்டாள். ஓடிச்சுது. "அப்ப பம்புக்கை ஊத்தை சிக்கிட்டுது. பம்பு செய்யிற வேலையை ஆரும் கையால செய்யோணும், கரை மட்டும், விடாமல். வேகம் கூட்டாதேங்கோ" என்றாள்.

அமத்தினது நான். ஊரில் மூன்று மணித்தியாலம் என்று சொல்லியிருக்கிறன், ஐம்பது நிமிசம். மூச்சுக்கு ஒருக்கா அமத்த வேணும். தவறினால் எஞ்சின் விக்கும். வலக்கை மரத்துப்போக இடக்கை, அதுவும் போக இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்து நெரித்தன். அம்மா கண் திறந்து பார்த்தவ. "அண்ணை, பால் பிழியிற மாதிரி நல்லாப் பிழியிறியள், இவ்வளவு நாளும் எனக்கு ஒரு தேங்காய் பிழிஞ்சு தந்திருக்கிறியளோ" என்று கேட்டவ. அந்த நிலையிலும் கேட்டவ. நேர்ஸ் பிள்ளை சிரிச்சு அழுதவள்.

குறிகட்டுவானில் அம்புலன்சில் ஏற்றினம், நானும் கூடப் போனன். வழியில் மடத்துவெளிப் பாலம் தாண்டினது எனக்கு நினைவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை வேறை என்று டொக்டர் சொன்னவர்.

துஷ்யந்தன், அந்த பில்ரர் என்ர அலுமாரியில், மேல் தட்டில், கடதாசியில் சுத்திக் கிடக்கு.

நான் உடைக்கேல்லை. ஆடி வெள்ளிக்கு முதல் நாள் மத்தியானம், துறையடியில் ஒருத்தரும் இல்லாத நேரம், கழட்டிப்போட்டு ரியூப்பை நேரே கொழுவினன். ஒரே ஒரு நாள் அது இல்லாமல் போட் போய் வர வேணும். பிறகு எல்லாருக்கும் முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, இது இல்லாமல் ஓடேல்லையோ என்று கேட்க வேணும். அவ்வளவுதான் என்ர ஆசை. அடுத்த நாள் கதிரையில் வரப்போறது என்ர தங்கச்சி என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அம்மாவைத் துறையடிக்குக் கொண்டு வந்த நேரம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்து பூட்ட இருபது நிமிசம் காணும். அவ்வளவு சனமும் நின்றது. அன்ரனிட்டாவும் அப்பதான் வந்து கொட்டில் வாசலில் நின்றவள், அண்டைக்குக் கிண்ணம் பார்க்க இன்னும் போட்டில் இறங்கேல்லை. முக்கால் மணித்தியாலப் பயணம், எஞ்சின் கொண்டுபோகும் என்று நினைச்சன். வாய் திறக்கேல்லை. நாற்பது வருசமாய் மூடாத வாய்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஒரு நாள் படலையடிக்கு வந்தாள். சண்டைக்கு என்று நினைத்து நானும் ஆயத்தமாய்த்தான் போனன். அவள் கேட்டது இவ்வளவுதான், "ஐயா, கழட்டேக்கை கிண்ணத்தில தண்ணி எவ்வளவு இருந்தது?"

எனக்கு வாயில் ஒரு பொய்யும் வரேல்லை. "அரை விரல் உயரம்" என்றன்.

"அரை விரலோ? அண்டைக்குக் காலமைதான் நான் திறந்து விட்டனான். அப்ப பரலுக்கையும் தண்ணி நிக்குது. இண்டைக்கே கவிட்டுக் கழுவோணும். அம்மா எப்பிடி?" என்றாள். சுகம் என்றன். போயிட்டாள். சொன்னபடி பரலைக் கழுவினாள், பம்பைத் திறந்து ஊத்தை எடுத்தாள், புது பில்ரர் பூட்டினாள்.

போன ஞாயிறு சங்கத்தில் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டவை. "நான் கழட்டேல்லை" என்றாள். அப்ப ஆர் என்று ரீச்சர் கேட்க, "அது எனக்கு என்ன தெரியும் ரீச்சர், நான் காணேல்லை" என்றாள். முன் வரிசையில் நான் இருந்தன். ஒருக்காலும் என்ர பக்கம் திரும்பேல்லை. ஒருத்தரும் அவளை நம்பேல்லை. நம்பாமல் விட்டது என்ர வார்த்தையால். அண்டையில் இருந்து எனக்கு வயிறு கூட எரியுது. எஞ்சினில் அவள் என்னை வென்றதைப் பொறுத்திருப்பன். இதிலும் வென்றுபோட்டாளே என்றுதான் பொறுக்க ஏலாமல் கிடக்கு.

இப்ப நீர் செய்ய வேண்டியது. ஞாயிறுக்கு முதல் சீதேவி ரீச்சருக்குப் போன் எடும். கொட்டிலும் எஞ்சினும் அன்ரனிட்டாவிடமே இருக்கட்டும் என்று சொல்லும். ரீச்சர் காரணம் கேட்பா, சும்மா விடுற ஆள் இல்லை. கேட்டால் இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பும். கூட்டத்தில் நானே எழும்பிச் சொல்லலாம், ஆனால் என்னை எனக்குத் தெரியும். எழும்பி நின்றால் சனம் தெரியும், சனத்தைக் கண்டால் கதை வேறை வழியால் போயிடும். இதில் எழுதினது எழுதினதுதான். என்ர கையெழுத்து ரீச்சருக்குத் தெரியும்.

22ஆம் திகதி அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். "அண்ணையின்ர கை இருக்கு, எனக்கென்ன பயம்" என்று நிற்கிறா. வாட்டிலும் எல்லாருக்கும் அதைத்தான் சொன்னவ, என்ர அண்ணையின்ர கைதான் என்னைக் கரை சேர்த்தது என்று. பக்கத்துக் கட்டில் மனிசிமார் எழும்பி வந்து என்ர கையைப் பார்த்துவிட்டுப் போனவை. குமிழ் அமத்தின கையின் வீக்கம் வத்தி இரண்டு கிழமையாச்சு, இன்னும் படி இறங்கேக்கை அந்தக் கையைத்தான் பிடிக்கிறா. கிளினிக்குக்குப் போற அந்த 22ஆம் திகதி நான் போட்டில் ஏற மாட்டன். காய்ச்சல் என்று சொல்லப் போறன். பொய்தான், இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளும். என்ர இடத்தில் அன்ரனிட்டாவை இருத்தச் சொல்லி சசிகரனுக்கு நீர்தான் சொல்ல வேணும். நான் சொன்னால் ஏன் என்று கேட்பான்.

அம்மாவுக்கு நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம். கிளினிக் முடிஞ்சு நெஞ்சு நல்லாய் இருக்கு என்று டொக்டர் சொல்லட்டும். அதுக்குப் பிறகு அவவுக்கு முன்னால் இருந்து நானே சொல்லுவன், ஐம்பது நிமிசத்தை ஐம்பது நிமிசம் என்றே சொல்லுவன்.

உம்மட குடும்பம் நூறு வருசம் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேணும், தம்பி. உமக்கு என்னில் கோபம் வரும். வந்தால் உள்ளுக்கு வைத்திராமல் போன் எடுத்து ஏசும். எந்த நேரம் என்றாலும் எடும். நான் குறுக்கே கதைக்க மாட்டன்.

இப்படிக்கு,
உம்மட மாமன்
க. அரியநாயகம்